வாய்ப்புண்ணும் செல்லின் காலிங் பெல்லும்

பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்கள் பச்சைப் பசேலென்று நிற்கும். கவுளி கவுளியாக அடுக்கிக் கட்டி வெளியூர் போகும் அந்த வெற்றிலைக்கு சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கல்யாணப் பந்திகளில் தனி மரியாதை உண்டு. வெற்றிலை மீது மருத்துவர்களுக்குப் பெரிய புகார் கிடையாது. அதற்குள் வைத்து மடிக்கிறோமே, பாக்கும் புகையிலையும், அவற்றின் மீதுதான் புகார். அதிலும் புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஜீரணத்துக்கு நல்லது என்று பந்தி முடிந்ததும் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

கொடிக்காலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை வேறு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. லோடு ஏற்றினால் வடக்கே போய்த் திரும்பி வர பதினைந்து இருபது நாள். தூக்கத்தை விரட்ட கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்ளும் பொட்டலப் புகையிலைதான் பலருக்கும் துணை. குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. தடை வந்த பிறகும் பெட்டிக்கடையில் பெயரை மாற்றிக் கேட்டால் பொட்டலம் கைக்கு வருகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப்புற்று வருகிறது என்கிறது 2022-ம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு. இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான்.

இந்த நோயோடு வருகிறவர்கள் முதலில் புற்று என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “ரெண்டு மாசமா காரஞ் சேர மாட்டீங்குதுங்க” என்றுதான் வருவார்கள். அதற்கு முன்பே மெடிக்கல் ஷாப்பில் ஜெல் வாங்கித் தடவியாயிற்று, வைட்டமின் மாத்திரை தின்றாயிற்று, கூரான பல்லை ராவியும் பார்த்தாயிற்று. பயாப்ஸி ரிசல்ட் வந்த பிறகு வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் மாறியிருக்கிறது. “ஏனுங்க டாக்டர், டார்கெட் ஊசின்னு ஒண்ணு இருக்குதாமா? கேன்சரை மட்டும் பாத்து அடிக்குமாமா? காட்டை வித்தாவது போட்றலாம்ங்க.”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்றால் அந்த ஊசி எதைக் குறிவைக்கிறது என்று தெரிய வேண்டும். காட்டை விற்பது பெரிய முடிவு. அதற்கு முன் ஒரு பத்து நிமிடம் இதைப் படிப்பதில் தவறில்லை.

எலிக்குட்டி சொன்ன ரகசியம்

கதை எச்சிலில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை, பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்திக்கொண்டிருந்தார். அவர் தேடியது நரம்பு வளர்ச்சிக்கான பொருளை. ஆனால் நடந்தது வேறு. வழக்கமாக இரண்டு வாரம் வாக்கில் கண் திறக்கும் குட்டிகள் ஒரே வாரத்தில் கண் திறந்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. வேறொருவராக இருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார். கோஹன் விடவில்லை. அந்தச் சாற்றில் மேல்தோல் செல்களை வளரச் சொல்லும் ஒரு புரதம் இருக்கிறது என்று கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்டார். இ.ஜி.எஃப். என்று அதற்குப் பெயர் வந்தது. 1986-ல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

நம் எச்சிலிலும் இந்தப் புரதம் இருக்கிறது. நாய் தன் புண்ணை நக்குவதிலும், சோறு தின்னும்போது கடித்துக்கொண்ட கன்னம் ஒரு வாரத்தில் தானாக ஆறிவிடுவதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. வாய் எப்போதும் ஈரம், எப்போதும் கிருமி, ஒரு நாளைக்கு மூன்று வேளை சூடும் காரமும். அப்படியிருந்தும் வாய்ப்புண் சீக்கிரம் ஆறுகிறது என்றால் உள்ளே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம்.

எச்சிலில் ஒரு புரதம் மிதந்தால் மட்டும் செல் வளர்ந்துவிடாது. வந்திருக்கும் சேதியை வாங்கிக்கொள்ள செல்லின் மேற்பரப்பில் ஒன்று வேண்டும். அதுதான் ஏற்பிப் புரதம். டாக்டர்கள் பேச்சில் ‘ரிசெப்டர்’. வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டன் வெளியே, ஒயர் உள்ளே. இ.ஜி.எஃப். வந்து பட்டனை அழுத்துகிறது. அழுத்தியதும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெல்லோடு இது ஜோடி சேர்கிறது. உள்பக்க ஒயரில் மின்சாரம் பாய்கிறது. ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குச் சேதி கைமாறி, கடைசியில் செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேருகிறது. ‘புண் பட்டிருக்கிறது, பெருகு!’ என்பதுதான் சேதி. புண் ஆறியதும் பெல் சத்தம் நின்றுவிட வேண்டும். இந்த பெல்லுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர்.

வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றுகளில் பத்தில் எட்டு, ஒன்பதில் இந்த பெல் அளவுக்கு மீறி முளைத்திருக்கிறது. வாசலில் ஒரு பெல் இருந்த இடத்தில் சுவர் முழுக்க பெல். யாராவது ஒருவர் எதையாவது அழுத்திக்கொண்டே இருந்தால் வீட்டில் இருப்பவர் தூங்க முடியுமா? செல்லும் தூங்குவதில்லை, பெருகிக்கொண்டே போகிறது. போதாததற்கு இந்தப் பெருத்த செல்கள் இ.ஜி.எஃப். போன்ற பொருள்களைத் தாங்களே தயாரித்து, தங்கள் பெல்லைத் தாங்களே அழுத்திக்கொள்ளவும் கற்றுக்கொள்கின்றன.

நோயின் குணத்தையும் இந்த பெல் காட்டிக்கொடுக்கிறது. கியான் ஆங் என்ற கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தலை, கழுத்துப் புற்று உள்ள 155 பேரின் திசுவைச் சோதித்தார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். அதிகம் இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்திலேயே நோய் திரும்பி வருவது அதிகமாக இருந்தது. கதிர்வீச்சு செல்லை அடிக்கிறது. அடிபட்ட செல்லை ‘எழுந்திரு’ என்று பெல் எழுப்பிவிடுகிறது.

பட்டனை மூடினால் போதாதா?

அதைத்தான் ஜான் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-களில் யோசித்தார். பட்டன் மேல் உட்கார்ந்து அதை யாரும் அழுத்த முடியாதபடி செய்யும் ஓர் எதிர்ப்புரதத்தை அவரும் கார்டன் சாட்டோவும் உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் செடுக்சிமாப் என்ற ஊசி. காட்டை விற்கலாமா என்று கேட்கவைக்கும் ‘டார்கெட் ஊசி’ பெரும்பாலும் இதுவும் இதன் உறவுக்கார ஊசிகளும்தான்.

2006-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வில் 424 பேர். வெறும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சராசரி நோயாளி 29 மாதம் உயிரோடு இருந்தார். கதிர்வீச்சோடு ஊசியும் பெற்றவர் 49 மாதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த 424 பேரும் தொண்டை, குரல்வளைப் பகுதிகளில் புற்று வந்தவர்கள். கன்னம், நாக்கு, ஈறு என்று நம் ஊரில் அதிகம் பார்க்கும் வாய்க்குழிப் புற்று அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை! ஊசியின் பெருமையைச் சொல்லும்போது இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. தவிர, அந்த ஆய்வு ஊசியை வெறும் கதிர்வீச்சோடு ஒப்பிட்டது. இன்றைக்கு உடம்பு தாங்கும் நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுப்பதுதான் வழக்கம்.

இதே பட்டனை மூடும் இன்னொரு ஊசி, நிமோடுசுமாப். கியூபாவின் ஹவானாவில் உருவாகி, பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் வழியாக 2006-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதை 536 பேரிடம் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டது. சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சோடு இதையும் சேர்த்தபோது இரண்டு ஆண்டு வரை நோய் முற்றாமல் இருந்தவர்கள் 50 சதவிகிதத்திலிருந்து 62 சதவிகிதமாக உயர்ந்தார்கள். உயிர் பிழைப்பதில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. இதிலும் பெரும்பாலானவர்கள் தொண்டைப் பகுதி நோயாளிகள்தான்.

சுவர் முழுக்க பெல் என்றால், பட்டனை மூடியதும் நோய் அடங்கியிருக்க வேண்டாமா? ஏன் அடங்கவில்லை? பட்டனுக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதே! ராஸ் என்ற புரதம் அந்த ஒயரின் ஒரு முக்கியமான இணைப்பு. அந்த இணைப்பிலேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டால், வாசலில் யாரும் அழுத்தாமலே உள்ளே பெல் அடித்துக்கொண்டிருக்கும். பட்டனை மூடி என்ன பயன்? புகையிலை மெல்லும் இந்திய நோயாளிகளின் வாய்ப்புற்றில் ஹெச்-ராஸ் மரபணு இப்படிக் கெட்டுப்போயிருப்பதை மும்பை விஞ்ஞானிகள் 1991-லேயே எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை. இன்னும் சிலருக்கு ஈ.ஜி.எஃப்.ஆரை மூடியதும் பக்கத்து பெல் ஒன்று அதன் வேலையை எடுத்துக்கொள்கிறது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நுரையீரல் புற்று வந்த உறவினருக்கு ‘ஈ.ஜி.எஃப்.ஆர். டெஸ்ட்’ எடுத்து, பாசிட்டிவ் என்று மாத்திரை கொடுத்து, அவர் நன்றாக இருப்பதை சில குடும்பங்கள் பார்த்திருக்கும். அதே டெஸ்ட்டை நமக்கும் எடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. நுரையீரலில் பார்ப்பது பெல்லின் எண்ணிக்கையை அல்ல, பெல்லே வடிவம் மாறிப் பழுதாகியிருக்கிறதா என்பதை. அந்தப் பழுது இருந்தால் மாத்திரை பிரமாதமாக வேலை செய்கிறது. வாய்ப்புற்றில் அந்த மாதிரிப் பழுது அபூர்வம். பெல் எண்ணிக்கை அதிகமாக இருப்பது மட்டும் யாருக்கு ஊசி பலிக்கும் என்று சொல்லிவிடுவதில்லை. அதனால் வாய்ப்புற்றுக்கு டாக்டர் இந்த டெஸ்ட்டை எழுதவில்லை என்றால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்குப் பதில்? வாய்க்குழிப் புற்றுக்கு முதல் சிகிச்சை அறுவைதான். தேவைப்பட்டால் அதன் பின் கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின். சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத சிறுநீரகம், காது கேளாமை போன்ற தொந்தரவு உள்ளவர்களுக்குக்கூட, குறைந்த அளவு டோசிடாக்செல் என்ற சாதாரண கீமோ மருந்து உதவுகிறது என்று டாடா மருத்துவமனை 2023-ல் காட்டியிருக்கிறது. அதிலும் இரண்டு ஆண்டு நோயில்லாமல் இருந்தவர்கள் 30-லிருந்து 42 சதவிகிதமானார்கள். டார்கெட் ஊசி இவற்றுக்கு மாற்று அல்ல. கத்திக்குப் பயந்து அதற்குப் பதிலாக ஊசி போட்டுக்கொள்வது மிக மோசமான பேரம். அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன. காட்டை விற்பதற்கு முன் கலெக்டர் ஆபீஸில் அந்த அட்டையைப் பற்றி விசாரிப்பதுதான் முதல் வேலை.

மூட்டுவலி மாத்திரையும் பதினெட்டில் ஒரு பங்கு மருந்தும்

நோய் திரும்பி வந்துவிட்டது, இனி அறுவை முடியாது என்ற நிலைமைக்கு வருவோம். ஏற்பிப் புரத ஆராய்ச்சி நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையாகவே கைகொடுத்திருப்பது இந்த இடத்தில்தான். அதைச் செய்தவர்களும் மும்பைக்காரர்கள்தான்.

சிஸ்பிளாட்டின் ஏற்ற வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்காடு அடிவாரத்திலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இந்தக் கட்டத்தில் ஒரு நோயாளியைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது எப்படி என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். டாடா மருத்துவர்கள் அதற்குப் பதிலாக வீட்டிலேயே விழுங்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட், தினம் இரு வேளை செலிகாக்சிப். இரண்டாவது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரை! 422 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. சிஸ்பிளாட்டின் பெற்றவர்கள் 6.1 மாதம், மாத்திரை சாப்பிட்டவர்கள் 7.5 மாதம். தொந்தரவும் மாத்திரையில் குறைவு. அதற்காக மூட்டுவலி மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் டோஸ் தவறினால் உயிருக்கே ஆபத்தான மருந்து.

இந்த இரண்டோடு எர்லோடினிப் என்ற மாத்திரையையும் அவர்கள் சேர்த்தார்கள். இது ஈ.ஜி.எஃப்.ஆர். பெல்லின் உள்பக்க ஒயரைத் துண்டிக்கும் மருந்து. அடுத்து அவர்கள் கை வைத்தது முற்றிலும் வேறொரு ஏற்பிப் புரதத்தில். அதன் பெயர் பி.டி.-1. இது புற்று செல்லில் இருப்பதல்ல, நம் உடம்பின் காவல்காரர்களான டி செல்களின் மேல் இருப்பது. காவல்காரருக்கு இது பிரேக். ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ 1992-ல் கண்டுபிடித்து, 2018-ல் நோபல் பெற்றது இதற்காகத்தான். புற்று செல் இந்த பிரேக்கை மிதித்துக் காவல்காரரை நிறுத்திவிடுகிறது. நிவோலுமாப் என்ற ஊசி அந்த மிதியைத் தடுக்கிறது. வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அதன் விலையை நம் ஊரில் மிகச் சிலரால்தான் தாங்க முடியும்.

டாடா மருத்துவர் விஜய் பாட்டீலும் குழுவினரும் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் பதினெட்டில் ஒரு பங்கு. 151 பேர் கலந்துகொண்ட ஆய்வில், மூன்று மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16 சதவிகிதம். மாத்திரையோடு துளி ஊசியும் பெற்றவர்களில் 43 சதவிகிதம். 2023-ல் வெளியான இந்த முடிவை உலகம் முழுக்கப் பேசினார்கள். முற்றிய நிலையில் இது குணப்படுத்தும் மருந்து அல்ல. ஆனால் மகள் கல்யாணத்தைப் பார்த்துவிடலாமா என்று ஒருவர் கேட்கும்போது 16-க்கும் 43-க்கும் இடையில் இருக்கும் தூரம் சின்னதல்ல. இந்த நிலையில் இருக்கும் நோயாளியின் குடும்பம் டாக்டரிடம் “குறைந்த டோஸ் நிவோலுமாப் எங்களுக்கு ஒத்து வருமாங்க?” என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும் வீடு

எர்லோடினிப்போ செடுக்சிமாப்போ ஆரம்பித்த இரண்டொரு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் பரு மாதிரி வெடித்து வரும். பதறிப்போய் ‘அலர்ஜி’ என்று மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் செல்லிலும் அதே ஈ.ஜி.எஃப்.ஆர். பெல் இருக்கிறது. மருந்து அங்கேயும் போய் மூடுவதால் வருவதுதான் இந்தப் பரு. முன்பு சொன்ன 424 பேர் ஆய்வில் ஊசி பெற்றவர்களில் பரு நன்றாக வந்தவர்கள் 68 மாதத்துக்கு மேலும், லேசாக வந்தவர்கள் அல்லது வராதவர்கள் 26 மாதம் அளவிலும் இருந்தார்கள். பரு வந்தால் குணமாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நிறுத்துவதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் போட வேண்டும் என்றுதான் அர்த்தம். களிம்பு, மாத்திரை என்று இதற்கு வைத்தியம் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படித்தான்.

எர்லோடினிப்பை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. நெஞ்செரிச்சலுக்கு நாமாக வாங்கிப் போடும் ‘கேஸ் மாத்திரை’ இதை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும் என்பதால் அதையும் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். இன்னொன்று, பீடி. புகைபிடிப்பவர் உடம்பு இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடுகிறது. ரத்தத்தில் நிற்கும் அளவு மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இறங்கலாம். “இனிமே என்ன ஆகப்போகுது, ஒண்ணு இழுத்துட்டுப் போறாரு, விடுங்க” என்று வீட்டில் பரிதாபப்பட்டுக் கொடுக்கும் அந்த ஒரு பீடி, காசு கொடுத்து வாங்கிய மாத்திரையைத் தின்றுவிடுகிறது.

இதெல்லாம் நோய் வந்த பிறகு. வருவதற்கு முன்பு பார்க்க ஊசியும் வேண்டாம், டெஸ்ட்டும் வேண்டாம். எச்சிலில் இருக்கும் அந்த ஏற்பாட்டுக்கு வாய்ப்புண்ணை ஆற்ற இரண்டு வாரம் தாராளம். மூன்றாவது வாரமும் புண் இருந்தால், வலிக்காவிட்டாலும், அது சாதாரணப் புண் அல்ல என்றே நினைத்துக் காட்ட வேண்டும். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, நாக்கின் ஓரத்தில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியது போலக் கட்டி, காரம் பட்டாலே எரிச்சல் இருந்தாலும் அப்படியே. பாக்கு மெல்லுகிறவர்கள் வாயைத் திறந்து தங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம். மூன்றும் நுழையாவிட்டால் வாய்த் தசை இறுக ஆரம்பித்துவிட்டது.

லோடு முடிந்து லாரி ஷெட்டுக்கு வரும் நாளில் டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணாடியில் இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். சந்தேகம் என்றால் சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பல்லைக் காட்டப் போகிறவர்கள் நாக்கின் அடியையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.